நீலப் பேனா, சிவப்புப் பேனா

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சிவகாசிக்காரி. காலண்டர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். தினசரித் தாளில் ராகுகாலம் மாறிப் போனாலோ, அஷ்டமி ஒருநாள் தள்ளி விழுந்தாலோ, வாங்கினவர்களின் வசவு கடைக்காரர் வழியாக எங்கள் மேசைக்கு வந்து சேரும். அது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். அப்பா ஈய எழுத்துக் காலத்து அச்சுக் கோர்ப்பவர். தம்பி ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். அம்மாவுக்கு அச்சுத் தொழில் தெரியாது. நாங்கள் பாடுபட்டு அச்சடித்த தாளைக் காலையில் கிழித்து, பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவாள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு அம்மாவும் தம்பியும் விருதுநகரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு டூவீலரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆமத்தூர் பக்கம் ஒரு லாரி. அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டாள். வீட்டில் ஒரு ஹெல்மெட்தான் இருந்தது, அது தம்பி தலையில் இருந்தது. இதற்கு மேல் அந்த ஹெல்மெட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசியதில்லை.

108 ஆம்புலன்ஸ் அவனை மதுரைக்குக் கொண்டு போனது. சுயநினைவை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1974இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இருவர் வகுத்தது. கண் திறக்கிறானா, பேசுகிறானா, கை கால் அசைக்கிறானா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். முழு நினைவுக்கு 15, அடிமட்டம் 3. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். தம்பிக்கு 6. பள்ளிக்கூடத்தில்கூட அவன் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை என்று அப்பா சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காப்பாற்றியிருக்கிறது. உள்ளே இருக்கிற மூளை ஆடியதை அதனால் நிறுத்த முடியவில்லை. மண்டையோட்டின் உள்தரை எல்லா இடத்திலும் வழவழப்பாக இருக்காதாம். முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் கரடுமுரடு. மூளை குலுங்கும்போது அந்த இடத்தில்தான் அதிகம் அடிபடும். நிதானமும் திட்டமிடுதலும் முன்பக்கத்து வேலை. புது நினைவைப் பதிய வைப்பது பொட்டுக்கு உட்பக்கம் இருக்கிற ஹிப்போகேம்பஸின் வேலை. ஆகவே தலையில் அடிபட்ட பலருக்குக் கோபமும் மறதியும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. இது தெரியாமல் முதல் ஆறு மாதம் அவனோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

கண் விழித்தான் என்று போன் வந்ததும் தெருவில் பத்துத் தேங்காய் உடைத்தோம். சினிமாவில் பார்த்திருக்கிறோம் இல்லையா, கண் திறந்த உடனே "அம்மா" என்பார்கள், பின்னணியில் வயலின் வாசிக்கும். இவனும் அம்மா என்றுதான் சொன்னான். "அம்மா எங்க?" என்று கேட்டான்.

விபத்து நடந்த நாள் அவன் நினைவில் இல்லை. அதற்கு முந்தைய இரண்டரை வருஷமும் இல்லை. விபத்துக்குப் பிறகு வந்த நாட்களும் தங்கவில்லை. பொதுவாகப் பழைய நினைவு கெட்டியாக நிற்கும், அடிபட்ட நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் உதிரும் என்று பிரான்சில் ரிபோ என்பவர் 1881இலேயே எழுதி வைத்திருக்கிறார். அவனுடைய கணக்கில் நாங்கள் இன்னும் திருத்தங்கல் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா அங்கே அடுப்படியில் இருந்தாள்.

முதல் தடவை நான்தான் சொன்னேன். அவன் அழுத அழுகையைக் கேட்டு வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும் அழுதார்கள். அழுது களைத்துத் தூங்கினான். எழுந்து, "அக்கா, அம்மா எங்க?" என்றான். மறுபடி சொன்னேன். மறுபடி முதல் தடவை கேட்கிறது போலவே அழுதான். நாங்கள் ஒரு சாவுக்கு அழுதோம். அவனுக்கு அன்றைக்கு மட்டும் நான்கு சாவு.

அப்பாவால் தாங்க முடியவில்லை. "சித்தி வீட்டுக்குப் போயிருக்கா, வந்துருவா" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாவது வாரம், பொழுது சாயும் நேரம் ஆளைக் காணோம். திருத்தங்கல் வரைக்கும் நடந்து போய்ப் பழைய வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். "அம்மா சித்தி வீட்டுல இருந்து வந்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறான். அந்த வீட்டில் புதிதாகக் குடியிருந்த அம்மா எங்களை முன்பின் அறியாதவர். திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவன் சட்டைப் பையில் இருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். அன்றோடு சித்தி வீட்டுக் கதை முடிந்தது.

மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்த ஒரு அம்மையார்தான் எங்களை நேராக்கினார். "ஒரே வாக்கியம். வீட்டில் எல்லாரும் அதே வாக்கியம். நீட்டாதீர்கள், விவரம் சேர்க்காதீர்கள். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்" என்றார். "அம்மா விபத்துல இறந்துட்டாங்க, நாம மூணு பேரும் சேர்ந்து இருக்கோம்." இதுதான் எங்கள் வாக்கியம். அப்பா அதைச் சொல்லப் பழகுவதற்கு ஒரு மாதம் ஆனது.

அந்த அம்மையார் சொன்ன இன்னொன்றை நேயர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பரீட்சை வைக்காதீர்கள். நம் ஊரில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னைய யாருன்னு தெரியுதா? சொல்லு பாப்போம்" என்று கேட்காத சொந்தக்காரர் உண்டா? எங்கள் பெரிய மாமா அப்படித்தான் கேட்டார். இவன் திணறி, "கம்பவுண்டர்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவ்வளவுதான், அது ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் மாமா கம்பவுண்டராகவே இருந்தார். பேட்லி, வில்சன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள் இருவர் 1994இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்களாம். நினைவு பாதிக்கப்பட்டவரை யூகிக்க விட்டால் தப்பான விடையே பதிந்துவிடும். இது தப்பு என்று நாம் திருத்தினது மட்டும் பதியாது. அதனால் முதலிலேயே சரியானதைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். "நான் உன் பெரிய மாமா, பழம் கொண்டாந்திருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தால் போதும். பிழை திருத்தியே பிழைக்கிற எனக்கு, திருத்தினாலும் நிற்காத ஒரு பிழை இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வதே கஷ்டமாக இருந்தது.

காலண்டர் கதை வேறு. காலையில் தாள் கிழிப்பது இப்போது அவன் வேலை. கிழிப்பான். கிழித்தது மறந்துவிடும், மறுபடி வந்து கிழிப்பான். காலை பத்து மணிக்குள் எங்கள் வீட்டில் அடுத்த வாரம் வந்துவிடும். இதில் ஆடிப்பெருக்கு வந்தால் எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்து ஆல்பம் போடுவார்கள். அதையும் இவன் கையில் கொடுத்து வருஷத்தையும் குழப்பினோம். கடைசியில் அப்பா ஒரு கிளிப் மாட்டினார். கிழித்த தாளில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கிளிப்பில் செருக வேண்டும். கிளிப்பில் தாள் இருந்தால் இன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அவன் கைகள் எதையும் மறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து முதலாளி அவனை அச்சகத்துக்கு வரச் சொன்னார், சும்மா வந்து நிற்கட்டும் என்று. வந்து நின்றவன் ஓடிக்கொண்டிருந்த மெஷினில் இருந்து ஒரு ஷீட்டை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, "மெஜந்தா ஓடுது" என்றான். முருகன் படம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வேலின் ஓரத்தில் முடி அளவுக்குச் சிவப்பு விலகியிருந்தது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவதை நாங்கள் ரிஜிஸ்டர் என்போம். யாரும் சொல்லாமல் அவன் கை போய் ரிஜிஸ்டரைச் சரி செய்தது. அன்று சாயங்காலம், "இன்னைக்கு பிரஸ்ஸுக்குப் போனியா?" என்று கேட்டேன். இல்லை என்றான். நகக்கண்ணில் மை இருந்தது.

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்று ஒருவர் இருந்தார். வலிப்புக்காக 1953இல் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். மூளையின் இருபுறமும் அந்த ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008இல் இறக்கும் வரை அவருக்கு நடப்பது எதுவும் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாள் வரைந்தார். கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் இதற்கு முன் வரைந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது, "கண்ணாடியில பார்த்து வரையறது என்ன பெரிய வித்தை தாயி, நாங்க முப்பது வருஷம் எழுத்தைத் தலைகீழாத்தானே கோர்த்தோம்" என்றார். விஷயம் அதுவல்ல என்று விளக்கப் போய், விட்டுவிட்டேன். அம்மா போனபின் அவர் தன் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மெஷினை இன்னும் அவனிடம் தனியாகக் கொடுப்பதில்லை. ஆயிரம் அடிக்க வேண்டியதை மூவாயிரம் அடித்துவிட்டான் ஒருமுறை. அது முதலாளியின் காசு. ரிஜிஸ்டர் பார்க்கவும் கலர் பார்க்கவும் இருக்கிறான். சம்பளம் பாதி.

அச்சகத்தில் அவன் சொன்ன இன்னொரு சொல் எனக்குப் பிடிபட நாளானது. "பிரஸ்ல வாசமே இல்லையேக்கா" என்றான். மண்ணெண்ணெயும் மையும் வாசலிலேயே மூக்கில் ஏறுகிற இடம் அது. தலை குலுங்கும்போது மூக்கில் இருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்து போவது உண்டாம். அவனுக்கு எந்த வாசனையும் தெரியாது. அப்பா கருக விட்ட குழம்பை அவன் மட்டும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவன் தனியாக இருக்கும்போது சிலிண்டரை மூடி வைக்கிறோம். கேஸ் கசிந்தால் அவனுக்குத் தெரியாதே.

இப்போது பேனாவுக்கு வருகிறேன். இழப்பீட்டு வழக்கு போட்டோம். சட்டத்தைத் திருத்தி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்த ஆறு மாதமும் நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் இருந்து தமிழ்நாடு அரசின் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். அந்த 48 மணி நேரத்துக்குப் பின்னால் வருகிற வருஷங்கள்தான் குடும்பத்தின் தலையில் விடிகின்றன. சரி, வழக்கு. வக்கீல் ஆபீசில் ஒருவர் இவனிடம், "லாரி எதிர்ப்பக்கம் ஏறி வந்துச்சு, இல்லையா தம்பி?" என்று நாலைந்து தடவை கேட்டார். அடுத்த வாரம் இவன் வீட்டில், "நான் பார்த்தேன்க்கா, எதிர்ப்பக்கம் ஏறி வந்தான்" என்றான். கண்ணில் பார்த்த மாதிரியே சொன்னான். பொய் சொல்கிற முகம் அல்ல அது. ஓட்டை விழுந்த இடத்தை மூளை கிடைத்ததைக் கொண்டு அடைத்துக்கொள்கிறது.

எனக்குப் பகீரென்றது. நாங்களும் இதைத்தானே செய்துகொண்டிருந்தோம்? தினம் ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து, விட்டுப் போன இரண்டரை வருஷத்தை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியது, அம்மாவின் சர்க்கரை, குற்றாலம் போனது. குற்றாலத்தில் மழை என்று அப்பா சொன்னார், நல்ல வெயில் என்று நான் சொன்னேன். இவன் இரண்டையும் தன் ஞாபகமாகத் திருப்பிச் சொன்னான். அவனுக்கு நாங்கள் கொடுத்தது எங்கள் அம்மா. அவன் பார்த்த அம்மா எங்கே?

ஒரு நீளநோட்டு வாங்கினேன். எங்கள் மூலம் தெரிந்துகொண்டது எல்லாம் சிவப்பில். யாரும் சொல்லாமல் அவனாகவே ஞாபகம் வந்தது நீலத்தில். எது எந்த நிறம் என்று சந்தேகமாக இருந்தால் சிவப்பு. வழக்கிலும் அவன் சாட்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதனால் தொகை குறையும் என்றார்கள், குறைந்தது. அப்பா இதில் என்னோடு உடன்படவில்லை, இன்றும் உடன்படவில்லை.

முதல் வருஷம் நோட்டு முழுக்கச் சிவப்பு. அம்மா எங்கே என்று கேட்பது மெல்லக் குறைந்தது. நாங்கள் கேட்டால் அவனுக்கு விடை தெரியாது. ஆனாலும் அடுப்படி வாசல் வரை வந்து திரும்பிவிடுவான். ஏன் திரும்பினாய் என்றால் சொல்லத் தெரியாது. பிறகு அவனே நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துக்கொள்ள ஆரம்பித்தான். சத்தம் வராமல் படித்துவிட்டு நோட்டை மூடி வைப்பான்.

போன மாசி மாதம் ஒரு காலையில் நோட்டைத் திறந்தால் ஆறு வரி, நீலத்தில்.

"அம்மாவை விருதுநகர் கண் டாக்டருக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது வண்டியை நிறுத்தச் சொன்னாங்க. எண்ணெய்ப் புரோட்டாக் கடை. ரெண்டு சாப்பிட்டாங்க. சால்னா வாசம் சேலையில ஒட்டிக்கிச்சு. அப்பாகிட்டச் சொல்லிராதடான்னாங்க."

எங்கள் அம்மா ஹோட்டலில் கை நனைக்காதவள். சர்க்கரை வந்ததில் இருந்து வீட்டிலேயே ஒரு இட்லியோடு நிறுத்திக்கொள்வாள். இது நடந்ததா என்று கேட்க ஒரே ஆள்தான் உண்டு, அவளும் இல்லை. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். திரும்பப் படித்தார். அந்த ஐந்தாவது வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"இவனுக்கு வாசம்னா என்னன்னு நாம யாராவது சொல்லிக் கொடுத்தோமா?"

இல்லை என்றேன்.

பேனாவை என் கையில் இருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டா சாப்பிட்டா?" என்றார்.

வணக்கம்.