சித்திரையிலும் ஓடுகிற கால்வாய்

அனைவருக்கும் வணக்கம்.

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து தண்ணீரை அடைத்த பிறகு, சித்திரை வெயிலில் நம் திருநெல்வேலிப் பாளையங்கால்வாய்க் கரையில் நின்று பாருங்கள். தாமிரபரணியின் பழவூர் அணைக்கட்டிலிருந்து வரத்து இருக்காது. ஆனாலும் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் கறுப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அது தாமிரபரணி அல்ல, நம் வீட்டு அடுப்படியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் இறங்கியது. 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கால்வாயில், நமக்குக் கீழே உள்ள வயல்காரருக்கு நாம் அனுப்புவது அதைத்தான்.

கால்வாயை மூடிப் படர்கிற அமலைச்செடியை, அதாவது ஆகாயத்தாமரையைக் குறை சொல்கிறோம். போன மாதம் ஒன்றை வேரோடு இழுத்துப் பார்த்தேன். காம்பின் புடைப்பை அமுக்கினால் பஞ்சு, உள்ளே காற்று. கறுத்த தலைமுடிபோல் தொங்கிய வேரில் சேறும் ஒரு ஷாம்பு உறையும் சிக்கியிருந்தன. சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்குத் தீனி. பொக்லைன் வைத்து வாரிக் கரையில் கொட்டுகிறோம். ஒடிந்து விழுந்த துண்டு ஒன்று போதும், மறுபடி படர்ந்துவிடும். களைக்கு உரம் வைத்துவிட்டுக் களையெடுக்கிற சம்சாரி நம் சீமையில் உண்டா?

ஆகவே முதல் வேலை, கால்வாயில் இறங்கும் குழாய்களைப் பாதாளச் சாக்கடையோடு இணைப்பது. வசதியில்லாத வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. அந்தச் செலவை ஊர்தான் ஏற்க வேண்டும்.

அப்புறம்தான் செடி, மரம். அதிலும் நாங்கள் தவறு செய்தோம். ஆர்வத்தில் நீர் விளிம்பிலேயே வேப்பங்கன்றுகளை நட்டோம். வேர் அழுகிச் செத்தன. வேம்புக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. விளிம்புக்கு உரியது கோரை. பத்தமடையில் பாய் நெய்கிறார்களே, அதே கோரை. சற்று மேலே வெட்டிவேர். அதன் வேர் நேரே 3 மீட்டர்வரைகூட இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே மருது, நாவல், புங்கை. நாவல் கொட்டையை அடுத்த ஆண்டுக்கென்று எடுத்துவைக்காதீர்கள், காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற கையோடு ஊன்றிவிடுங்கள்.

கரை முழுவதும் சிமெண்டு பூசிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பூசிவிட்டால் கோரை எங்கே வேர்விடும்? பக்கத்துக் கிணற்றுக்கு ஊற்று எப்படிப் போகும்?

வருகிற சித்திரையில் தண்ணீரை அடைத்ததும் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரைக்கு வாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்தத் தெருவில் எத்தனை குழாய் இறங்குகிறது என்று நடந்துகொண்டே எழுதுவோம்.