ஒரு கை தட்டினால் ஓசை எழாது

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வேளாண் விரிவாக்க அலுவலர்களே, இடம் கிடைக்காமல் கடைசியில் நின்று கேட்கும் உழவர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

புதிய சாகுபடி முறை உழவர்களிடையே எப்படிப் பரவுகிறது என்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். யார் சொன்னால் உழவர் கேட்கிறார்? சொன்ன செய்தி வழியில் என்ன ஆகிறது? கைப்பேசிக் குழுக்கள் எதற்கு உதவும்?

முதல் செய்திக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போவோம். 1928 வாக்கில் அங்கே வீரிய ஒட்டு மக்காச்சோளம் வருகிறது. விளைச்சல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிற பழக்கம் இதில் செல்லாது. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு ஊர்களில் 259 உழவர்களிடம் விசாரித்து, 1943இல் முடிவை வெளியிட்டார்கள். இருவரைத் தவிர எல்லாரும் மாறியிருந்தார்கள். நல்ல சேதிதானே என்பீர்கள். பொறுங்கள்! 1933 வரை மாறியவர் பத்தில் ஒருவர்தான். அடுத்த மூன்றே ஆண்டில் அது பத்துக்கு நால்வர் என்று ஏறியது. காதில் விழுந்த நாளுக்கும் மண்ணில் விதைத்த நாளுக்கும் நடுவே சராசரி ஒன்பது ஆண்டு! விதைத்தவரும் முதலில் ஒரு மூலையில்தான் போட்டுப் பார்த்தார். முழு நிலத்துக்கும் வர மூன்று நான்கு ஆண்டு. விதை இருப்பதைச் சொன்னவர் பெரும்பாலும் விற்பனையாளர். நம்ப வைத்தவரோ பக்கத்து வயல்காரர்.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பார்களே, ஆப்பிரிக்க நாடான மலாவியில் 200 ஊர்களில் நடந்த ஆய்வும் அதைத்தான் காட்டியது. குழி தோண்டி நடும் முறையை ஊருக்கு இருவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இருவரும் ஒரே ஆட்களோடு பழகுபவர்களாக இருந்தால் முறை நன்றாகப் பரவியது. காரணம், ஒருவர் செய்தால் ஊர் வேடிக்கை பார்க்கும். தெரிந்தவர் இருவர் செய்தால்தான் மூன்றாமவர் மண்வெட்டியை எடுப்பார்.

இரண்டாவது செய்தி. திருந்திய நெல் சாகுபடியைப் பாருங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு, அதாவது நடும் ஓர் இடத்துக்கு, ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளி. நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்கிற, கையால் உருட்டும் களைக்கருவி. வாய்வழி போகும்போது "ஒத்தை நாத்து" மட்டும் போய்ச் சேர்கிறது. களைக்கருவி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. வயலைச் சமன்படுத்தாமல் இளநாற்றை வைத்தால் பள்ளத்தில் மூழ்கி அழுகும். வயல் காய்ந்திருக்கும்போது உருட்டினால் கருவி மண்ணில் சிக்கும். முதல் களையெடுப்பு தள்ளிப்போனால், காலியாகக் கிடக்கும் இடைவெளியைக் களை பிடித்துக்கொள்ளும். முதல் மாதம் வயல் வெறிச்சென்றுதான் இருக்கும். அந்த ஒரு மாதக் கேலியைத் தாங்கத் துணையில்லாதவர் அடுத்த போகத்தில் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார். அப்புறம் ஊரில் பரவுவது அவருடைய நஷ்டக் கதைதான்.

அதனால்தான் பார்க்கும் அலுவலரிடமெல்லாம் மன்றாடுகிறேன். செயல்விளக்கத்தை ஊரின் பெரிய பண்ணையில் வைக்காதீர்கள். "அவருக்கு மோட்டார் உண்டு, ஆள் உண்டு, நமக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு சிறு உழவர்களைத் தேர்ந்தெடுங்கள். நாற்றுப் பறித்து நடுகிற பெண்களையும் பயிற்சியில் உட்கார வையுங்கள். குத்துக்கு எத்தனை நாற்று என்பது அவர்கள் விரலில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் உழவருக்குச் சிறு ஊதியம் கொடுங்கள், அவருக்கும் அது வேலைதானே? வயல் விழாவை அறுவடைக்கு மட்டும் வைக்காமல், பக்கத் தண்டுகளாகத் தூர் வெடித்து வரும் 40ஆம் நாளிலும் வையுங்கள். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் காட்டுங்கள், தூரை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. அலுவலர் ஒரு கை, அந்த இருவர் மறு கை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கைப்பேசிக் குழு பற்றி ஒன்று மட்டும்: படம் போடுகிறவர் நாற்றின் வயதையும் இடைவெளியையும் கீழே எழுதிப் போடட்டும். வணக்கம்.