கிரைண்டர் ஓசைக்கும் காது வேண்டும்

நடுவர் அவர்களே, இரு அணியிலும் இருக்கும் நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் சிங்கப்பூர் அன்பர்களே, வணக்கம்.

ராக் இசையில் இருந்து கிளைத்த, கிதார் இரைச்சலும் அலறும் குரலும் நிறைந்த தீவிர மெட்டல் இசை ஆல்பங்களின் தரத்தை நிர்ணயிப்பது கேட்பவரின் கருத்தா, காலத்தின் தீர்ப்பா என்பது தலைப்பு. கேட்பவரின் கருத்தே என்பது என் கட்சி. ஆனால் அதற்குள் நுழையும் முன், எனக்கு முன்பு பேசிய எதிரணி நண்பர் வீசிவிட்டுப் போன ஒரு கல்லை நான் எடுத்துப் பார்த்தாக வேண்டும். "மாவரைக்கும் கிரைண்டரின் ஓசையைப் பதிவு செய்து, கறுப்பு அட்டை போட்டு, படிக்கவே முடியாத எழுத்தில் ஒரு பெயரையும் எழுதிக் கொடுத்தால், இந்த ரசிகர்கள் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இவர்கள் கருத்தை நம்பியா தரம் பார்ப்பது?" என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது.

நடுவர் அவர்களே, நண்பர் வீட்டில் மாவரைப்பது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மா. தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் எட்டாவது தளத்தில், அம்மா கூடத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். சமையலறையில் கிரைண்டர் ஓடும். திடீரென்று எழுந்து போய் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். பார்த்துவிட்டுப் போகவில்லை, கேட்டுவிட்டுப் போனார். உளுந்து போட்ட புதிதில் கல் தடதடக்கும். அரைபட அரைபட அந்தத் தடதடப்பு அடங்கும். மாவு இறுகினால் மோட்டார் முனகும். பொங்கி வந்துவிட்டால், கல் பஞ்சுக்குள் சுழல்வதுபோல ஓசை அமுங்கிக் கேட்கும். இந்த வேறுபாடு தெரியாதவருக்கு எல்லாமே இரைச்சல். தெரிந்தவருக்கு அதில் செய்தி இருக்கிறது. நண்பர் சொன்ன அந்தப் பதிவை என் அம்மாவிடம் கொடுத்திருந்தால் ஒன்பது மதிப்பெண் போட்டிருக்க மாட்டார். "இன்னும் ஐந்து நிமிடம் ஓட வேண்டும்" என்றிருப்பார். நாங்கள் கருத்து என்று சொல்வது அதைத்தான்.

கறுப்பு அட்டைக்கும் இரைச்சலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுகிறவர்களா நாங்கள்? சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் குழுவைக் கேட்டுப் பாருங்கள். 1984 இல் "மார்பிட் டேல்ஸ்", 1985 இல் "டு மெகா தேரியன்" என்று, பின்னால் வந்த டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்ற இந்த இசையின் இரண்டு கிளைகளுக்கும் அடித்தளம் போட்ட குழு அது. அதே குழு 1988 இல் "கோல்ட் லேக்" என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. தலைமுடியை ஊதிப் பெருக்கி, அந்நாளில் விலைபோன ஒப்பனை ராக் குழுக்களின் கோலத்தில் வந்து நின்றார்கள். பெயர் அதேதான், பாடியவரும் அதே டாம் ஃபிஷர்தான். ரசிகர்கள் ஏற்கவில்லை. வெளிவந்த நாளிலேயே "இது நீங்கள் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் ஃபிஷரே அந்த ஆல்பத்தைக் கைகழுவினார். 2017 இல் குழுவின் பழைய ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது "கோல்ட் லேக்" அந்த வரிசையில் இடம்பெறவில்லை. நடுவர் அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். காலம் 29 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு எழுதிய தீர்ப்பை, ரசிகன் முதல் நாளே எழுதிவிட்டான்.

இப்போது நண்பரின் கிரைண்டருக்கு மிக அருகில் வரக்கூடிய ஒரு கதையைச் சொல்கிறேன். நார்வே நாட்டில், ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் கொல்போட்ன் என்று ஓர் ஊர். அங்கே டார்க்த்ரோன் என்று ஒரு குழு. 1991 இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பமான "சோல்சைட் ஜர்னி", ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவானது; கனமான, ஒழுங்கான டெத் மெட்டல். பீஸ்வில் என்ற ஆங்கிலேய நிறுவனம் அதை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். நிறுவனத்தார் நாடாவைப் போடுகிறார்கள். எதிர்பார்த்தது இன்னொரு டெத் மெட்டல் ஆல்பம். வந்திருப்பதோ பிளாக் மெட்டல்: கிதார் மெலிந்து கரகரக்கிறது, ஒலியில் சதையே இல்லை, குரல் எங்கோ குளிர்காட்டுக்குள் இருந்து வருகிறது. திகைத்துப் போகிறார்கள். "ஒலி மெலிவாக இருக்கிறது, மறுபடி கலந்து சரிசெய்வோம்" என்கிறார்கள். முடியாது என்கிறது குழு; வற்புறுத்தினால் வேறு நிறுவனத்துக்குப் போவோம் என்கிறது. நிறுவனம் இறங்கி வந்து, 1992 இல் "எ பிளேஸ் இன் தி நார்தர்ன் ஸ்கை" என்ற அந்த ஆல்பத்தை அப்படியே வெளியிட்டது.

இந்தக் கதையை இன்னொரு முறை சொல்ல அனுமதி வேண்டும், ஏனென்றால் அதற்குள் இருப்பவர்களின் வயதை நான் இன்னும் சொல்லவில்லை. குழுவின் முதன்மையான இருவர், ஃபென்ரிஸும் நாக்டர்னோ குல்டோவும், அப்போது 19 வயதுப் பிள்ளைகள். 19 வயதில் நம் வீட்டுப் பிள்ளை, வேலை கொடுத்தவர் "கொஞ்சம் மாற்றிக் கொடு" என்று சொன்னால் என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாடாவும் அந்த நிறுவனத்தாரின் மேசையும் உங்கள் கண்முன் வரட்டும். தொழில் தெரிந்த பெரியவர்கள் ஒரு பக்கம். தொலைவில் ஒரு புறநகரில், "எங்கள் காதுக்கு இதுதான் சரி" என்று நிற்கும் இரண்டு பிள்ளைகள் மறுபக்கம். இந்தப் பிள்ளைகள் யார்? முதலில் அவர்கள் ரசிகர்கள். ஸ்வீடனின் பாத்தரி குழுவையும் இதே செல்டிக் ஃப்ராஸ்டையும் கேட்டுக் கேட்டு, ஒலி எப்போது உயிரோடு இருக்கிறது, எப்போது பளபளப்பில் செத்துப் போகிறது என்று தங்களுக்குள் ஒரு கருத்தை உருவாக்கிக்கொண்டவர்கள். ஆக, அந்த ஆல்பமே கேட்பவரின் கருத்தில் இருந்து பிறந்ததுதான். பெரியவர்களின் காதுக்குக் குறையாகப் பட்டதை வாங்கிக் கேட்டவர்கள் குறை என்று சொல்லவில்லை. குளிர் என்று சொன்னார்கள், இரவு என்று சொன்னார்கள். 2020 இல் நார்வே தேசிய நூலகம் தன் பண்பாட்டு வரலாற்றுக்கான நிரந்தரக் காட்சியில் அந்த ஆல்பத்துக்கு இடம் கொடுத்தது. பழைய கையெழுத்துச் சுவடிகளைக் காக்கும் நூலகம், நடுவர் அவர்களே. "சரிசெய்வோம்" என்று சொல்லப்பட்ட அந்தக் கரகரப்புக்குக் கிடைத்த இடம் அது.

"அப்படியானால் காலம்தானே அதற்கு இடம் கொடுத்தது?" என்று எதிரணித் தலைவர் எழப் போகிறார். அவருடைய அணி சினிக் குழுவையும் சாட்சிக்கு அழைத்தது. 1993 இல் வந்த "ஃபோகஸ்" ஆல்பத்தில் ஜாஸும் டெத் மெட்டலும் கலந்திருந்தன. கன்னிபல் கார்ப்ஸ் என்ற டெத் மெட்டல் குழுவுடன் மேடையேறிய இடங்களில் கூட்டம் அவர்களைக் கூச்சலிட்டு விரட்டியது. 1994 இல் குழுவே கலைந்தது. ரசிகர்கள் தவறினார்கள், காலம் திருத்தியது என்பது அவர்கள் வாதம். கூச்சலிட்டது உண்மை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் 2006 இல் அந்தக் குழு மீண்டும் கூடியதென்றால், இடையில் இருந்த 12 ஆண்டுகள் அந்த ஆல்பத்தை யார் காப்பாற்றினார்கள்? காலத்துக்குக் காது கிடையாது, நடுவர் அவர்களே. ஓர் அறையில் ஒருவர் கேட்டார், பிடித்தது, நாடாவில் பதிந்து நண்பருக்குக் கொடுத்தார், அவர் ஒரு கடிதத்தில் நான்கு வரி எழுதி இன்னொருவருக்கு அனுப்பினார். அந்த நான்கு வரிகளை எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குத்தான் எதிரணியினர் காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992 இல் இங்கே தொடங்கிய ருத்ரா குழு, டெத் மெட்டலோடு சமஸ்கிருத மந்திரங்களையும் இந்திய இசையையும் இணைத்து, அந்த இசைக்கு வேத மெட்டல் என்று பெயர் வைத்தது; 1998 இல் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அன்றைக்கு அதைப் பற்றிச் சொல்லக் காலத்திடம் ஒரு சொல் கூட இருந்திருக்காது. முதலில் வாங்கியவர் தன் காதை மட்டும் நம்பி வாங்கினார்.

நேரம் முடிவதற்குள், எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னவர் என் அம்மா.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சக் ஷுல்டினர் என்று ஒருவர் இருந்தார். அவர் நடத்திய டெத் என்ற குழு 1987 இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் தொடங்கி, டெத் மெட்டலுக்கு வழி போட்டவர். சினிக் குழுவின் இருவரைச் சேர்த்துக்கொண்டு 1991 இல் அவர் செய்த "ஹியூமன்" இல்லாமல் இந்த இசையைப் பற்றிப் பேசவே முடியாது. 1998 இல் "தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்" வந்தது. குரல் உச்சத்தில் கிழியும் ஆல்பம் அது. நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த நாடாவை என் அறையில் போட்டிருந்தேன். கதவைத் தட்டினார் அம்மா. அணைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று கை நீட்டினேன். அவர் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, "யார் பெத்த பிள்ளையோ, இப்படிக் கத்துறானே, தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஓசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஓசைக்குள் ஒரு பிள்ளை இருப்பதைத்தான் அவர் கேட்டார். நான் படித்த எந்த விமர்சனமும் அந்த ஆல்பத்துக்குள் அத்தனை தூரம் போகவில்லை. மறு ஆண்டே ஷுல்டினர் கண்ட்ரோல் டினைட் என்ற தன் இன்னொரு குழுவின் ஆல்பத்தில், பாடும் பொறுப்பை டிம் ஏமரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிதாரை மட்டும் ஏந்தினார் என்று அறிந்தபோது, எட்டாவது தளத்துச் சமையலறையைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

அதே 1999 இல் அவருக்கு மூளைத் தண்டில் கட்டி இருப்பது தெரிந்தது. சிகிச்சைச் செலவுக்கு உலகெங்கும் ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். நண்பரின் கணக்கில் கிரைண்டருக்கு மதிப்பெண் போடும் அதே ரசிகர்கள். 2001 டிசம்பர் 13 அன்று, 34 வயதில் அவர் இறந்தார். செய்தி தெரிந்த அன்று வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தார் அம்மா. சமையலறை வாசலில் நின்று, "அந்தக் கத்துற பிள்ளை போய்விட்டான்மா" என்றேன். கிரைண்டரை நிறுத்தினார். "அவன் அம்மா இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, அந்த நாடாவைப் போடச் சொன்னார். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பிப் போட்டேன். கடைசிப் பாடல் ஓயும்வரை எழவில்லை. கிரைண்டரில் மாவு பாதியிலேயே நின்றிருந்தது.

வணக்கம்.