மரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி) சந்தேகங்கள்: ஸ்கிம்மர் கப் நாலு நாள் காலி, அஞ்சாம் நாள் பொங்கி வழியுது, ஏன்?

அடுத்த கேள்வி, கொஞ்சம் நீளமா இருக்கு, சுருக்கி வாசிக்கிறேன். "மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் மரைன் டேங்க். கீழே சம்ப். ரெண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்சல் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (பவளம்). 500 லிட்டருக்குன்னு போட்ட ப்ரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கி, ரிட்டர்ன் பம்ப் பக்கத்துல வச்சிருக்கேன். முதல்ல கப்ல ஒண்ணுமே சேராது. நாலு நாளைக்கு ஒரு தடவை அஞ்சு லிட்டர் ஆர்ஓ தண்ணி ஊத்துறேன், ஊத்தின மறுநாள் பொங்கி வழியுது. நைட்ரேட்டும் குறையலை. ஸ்கிம்மர் பழுதா?"

பழுது இல்லைங்க. புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு வரி: ஸ்கிம்மர்ங்கிறது குமிழி விட்டு, தண்ணில இருக்கிற அழுக்கை நுரையா மேல ஏத்தி, கழுத்து வழியா ஒரு கப்புல சேர்க்கிற கருவி. சம்ப்ங்கிறது டேங்க்குக்குக் கீழே, தடுப்புக் கண்ணாடி வச்சு அறை அறையாப் பிரிச்ச தொட்டி. அங்கிருந்து தண்ணியைத் திரும்ப மேல டேங்க்குக்கு ஏத்துறது ரிட்டர்ன் பம்ப். பதில் உங்க கேள்விக்குள்ளேயே இருக்கு: ரிட்டர்ன் பம்ப் பக்கத்துல வச்சிருக்கேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான்.

சம்ப்ல தண்ணி ஆவியாகிக் குறையறது தெரியறது ரிட்டர்ன் பம்ப் இருக்கிற அறையில மட்டும்தான். மத்த அறைகள்ல தடுப்புக் கண்ணாடி மட்டத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அந்த அறை 30க்கு 30 செண்டிமீட்டர்னு வச்சுக்கோங்க. அஞ்சு லிட்டர் ஆவியாச்சுன்னா மட்டம் அஞ்சரை செண்டிமீட்டர் இறங்கிடும். வெளியில தண்ணி இறங்கினா ஸ்கிம்மர் உள்ளேயும் இறங்கும், நுரை கழுத்து வரைக்கும் எட்டாது. அதனால கப் காலி. நீங்க ஒரேயடியா அஞ்சு லிட்டர் ஊத்தினதும் மட்டம் அஞ்சரை செண்டிமீட்டர் ஏறுது, நுரைக்குப் பதிலா தண்ணியே கப்புக்குள்ள போகுது. ஸ்கிம்மர் அது வேலையை ஒழுங்காத்தான் பண்ணுது, அது நிக்கிற தண்ணிதான் ஒரு இடத்துல நிக்கல.

அதனால ஸ்கிம்மரை மட்டம் மாறாத அறைக்கு மாத்துங்க. மேல இருந்து தண்ணி விழுற முதல் அறை சரியா இருக்கும், விழுற குழாய்க்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். எவ்வளவு ஆழத் தண்ணில நிக்கணும்னு கம்பெனிக்காரங்க கையேட்டுல போட்டிருப்பாங்க, பெரும்பாலும் 15ல இருந்து 20 செண்டிமீட்டர். உங்களுக்கு 18 கேட்டிருக்கு, தடுப்பு உயரம் 24 இருக்குன்னா, 6 செண்டிமீட்டருக்கு பிவிசி பைப் நாலு துண்டு வெட்டி, மேல அக்ரிலிக் தகடு வச்சு, அது மேல நிறுத்துங்க. இடமே இல்லன்னா, குறையுற தண்ணியைத் தானா நிரப்புற ஆட்டோ டாப்-அப் போடுங்க. அதுவும் முடியலைன்னா தினமும் காலையில ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்னு ஊத்துங்க. நாலு நாளைக்கு ஒரு தடவை மொத்தமா ஊத்துறது உப்பு அளவையும் ஆட்டும், கோரலுக்கும் அது ஆகாது.

இடம் மாத்தினதும் ட்யூனிங். காத்து வால்வு முழுசாத் திறந்தே இருக்கட்டும், அதைத் திருகி நுரையைக் கட்டுப்படுத்தப் பாக்காதீங்க. தண்ணி வெளியேறுற வால்வை மட்டும் திருப்புங்க. குமிழித் தண்ணி முடிஞ்சு நுரை தொடங்குற கோடு, ஸ்கிம்மரோட உடம்பு கழுத்தோட சேர்ற இடத்துல நிக்கணும். கொஞ்சமாத் திருப்புங்க, அன்னைக்கு அதோட விட்டுடுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கிட்டே இருந்தா எது எதனால மாறுச்சுன்னே தெரியாது. புது ஸ்கிம்மர்னா செட் ஆக சில நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும்.

இன்னொண்ணு, இதுல நிறைய பேர் குழம்புறாங்க. நல்லா ஓடிட்டிருந்த நுரை சாப்பாடு போட்டதும் அமுங்கிடும். சோறு பொங்கி வரும்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டா அடங்குதே, அதே கதைதான். ஃப்ரோசன் சாப்பாட்டுல இருக்கிற எண்ணெய் நுரையை உடைக்குது. சில மணி நேரத்துல தானா எழும்பும், வால்வைத் தொடாதீங்க. எண்ணெய், க்ரீம் தடவின கையை உள்ள விட்டாலும் நுரை கலையும். நேர்மாறா, கற்றாழை சேர்த்த குளோரின் நீக்கி, கோரல் ஒட்டுற எபாக்ஸி, சில மருந்து, இதெல்லாம் நுரையைக் கண்டபடி பொங்க வைக்கும். அப்போ ஒண்ணு ரெண்டு நாள் கப்பைக் காலியா வச்சுக்கிட்டே இருங்க, இல்லைன்னா வெளியேறுற வால்வை முழுசாத் திறந்து விடுங்க.

அடுத்து சைஸ். உங்க டேங்க் கணக்குப்படி விளிம்பு வரைக்கும் 190 லிட்டர் சொச்சம். கல், மணல், மேல விட்ட இடம் கழிச்சு, சம்ப்பையும் சேர்த்தா சுமார் 200 லிட்டர் தண்ணி. மூணு சின்ன மீனுக்கு 500 லிட்டர் ஸ்கிம்மர் பெருசு. அழுக்கு இருந்தாத்தானே நுரை நிக்கும்? கழுத்து அகலமா இருந்து அழுக்கு கம்மியா இருந்தா, நுரை மேல வர்றதுக்குள்ள உடைஞ்சு விழுந்துடும். அதனால மட்டம் சரி பண்ணின பிறகும் உங்களுக்கு விட்டு விட்டுத்தான் சேரும், பயப்படாதீங்க. புதுசா வாங்குறவங்க, மீன் கம்மின்னா டேங்க் அளவுக்கே எடுங்க. மீன் நிறைய, சாப்பாடு நிறையன்னா ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு. 60 லிட்டர் நானோ டேங்க்குக்கு நான் ஸ்கிம்மரே சொல்ல மாட்டேன், வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினாப் போதும். வெளிநாட்டுல இருந்து யாராவது கொண்டு வந்து கொடுத்தா ஸ்டிக்கரைப் பாருங்க. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஏசி பம்ப்னா நம்ம 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு ஆகாது.

நைட்ரேட் கேட்டிருந்தீங்க. ஸ்கிம்மர் நைட்ரேட்டைப் பிடிக்காது. குமிழியோட பரப்புல ஒட்டுற புரதம், கொழுப்பு மாதிரி பொருளைத்தான் அது எடுக்கும், அவை அழுகி நைட்ரேட்டா மாறுறதுக்கு முன்னாடி. ஏற்கெனவே தண்ணில கரைஞ்சிருக்கிற நைட்ரேட்டுக்குத் தண்ணி மாத்தணும், சாப்பாட்டைக் குறைக்கணும்.

கழுத்துல படியுற வழவழப்பை ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை துடைங்க, அது இருந்தா நுரை ஏறாது. காத்துக் குழாய் நுனியில உப்பு பூத்து அடைக்கும். பம்ப்பை நிறுத்திட்டு, மாசம் ஒரு தடவை அந்தக் குழாய்ல கொஞ்சம் வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணி விடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பம்ப்பைக் கழட்டி, பாதி வினிகர் பாதி தண்ணில ஊற வச்சு, உள்ள சுத்துற இம்பெல்லரைப் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. சத்தம் கூடி குமிழி பெருசாத் தெரிஞ்சா மூணு மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கரண்ட் போனா மேல டேங்க்ல இருந்து தண்ணி இறங்கி சம்ப் நிரம்பும். திரும்ப வரும்போது ஸ்கிம்மர் உசந்த மட்டத்துல ஸ்டார்ட் ஆகி வழியும். ரிட்டர்ன் பம்ப் ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்கிம்மர் ஆன் ஆகுற மாதிரி டைமர் ப்ளக் போட்டுக்கோங்க. இன்வெர்ட்டர்ல ஒண்ணுதான் ஓட்ட முடியும்னா, டேங்க்குக்குள்ள தண்ணியை ஓட விடுற வேவ்மேக்கரை ஓட்டுங்க, ஸ்கிம்மர் காத்திருக்கட்டும்.

கடைசியா, டேங்க் இருக்கிற ரூம் காத்தைத்தான் ஸ்கிம்மர் நாள் முழுக்க உறிஞ்சித் தண்ணில கலக்குது. ஏசி போட்டு மூடின ரூம்ல ராத்திரி கார்பன் டை ஆக்சைடு ஏறி பிஹெச் இறங்குதுன்னா, காத்துக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்க. அதே ரூம்ல கொசுவத்தி, கொசு லிக்விட் வேண்டாம். பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் விஷம். தெருவுல கொசுப் புகை அடிக்கிற வண்டிச் சத்தம் கேட்டா, முதல்ல ஸ்கிம்மர் ஸ்விட்சை அணைங்க, புகை நல்லாக் கலைஞ்ச பிறகு போடுங்க.