கூத்தாடி ஏன் கிழக்கே பார்க்கிறான்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குத் தந்திருப்பது பத்து நிமிடம். வணக்கம் இவ்வளவு போதும்.

"சமுதாயத்தை மாற்றியதில் விஞ்சி நிற்பது சட்டமா, கலையா?" இதுதான் தலைப்பு. நான் கலையின் பக்கம். சட்டத்தின் பக்கம் நின்று எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் அண்ணன் இரண்டு அம்புகளை விட்டார். முதல் அம்பு வங்காளத்துச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர். "1856இல் விதவை மறுமணச் சட்டம் வரக் காரணமான அந்தப் பெரியவர் மனுக் கொடுத்தார், வாதாடினார். ஆடவில்லை, பாடவில்லை" என்றார். இரண்டாவது ஒரு பழமொழி. "கூத்தாடி கிழக்கே பார்த்தான், கூலிக்காரன் மேற்கே பார்த்தான். உழைக்கிறவனுக்கும் கூத்தாடுகிறவனுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் வித்யாசாகர். அண்ணே, அவரை இந்தப் பந்தலுக்குள் அழைத்து வந்ததற்கு நன்றி. அவரை என் பக்கம் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

வங்காளத்தில் நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் சாகுபடி நடந்த காலம். நெல் விளைகிற நிலத்தில் அவுரி போடு என்று தோட்டத் துரைமார்கள் குடியானவனை நெருக்கினார்கள். முன்பணத்தைக் கையில் திணித்துக் கைநாட்டு வாங்கிவிட்டால், அந்தக் கடன் அப்பனோடு முடியாது, மகன் தலையிலும் ஏறும். மறுத்தவனை அடித்தார்கள், கிடங்கில் அடைத்தார்கள். 1859இல் குடியானவர்கள் திரண்டு எழுந்தார்கள். அடுத்த ஆண்டே தீனபந்து மித்ரா 'நீல் தர்ப்பண்' நாடகத்தை வெளியிட்டார். அவர் அஞ்சல் துறையில் அரசு ஊழியர். அதனால் தன் பெயரைப் போடாமலேயே அச்சிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளிக்கொண்டுவந்த பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. காளிபிரசன்ன சிங்கா என்ற எழுத்தாளர் அந்த அபராதத்தைத் தன் பணத்தில் கட்டினார். குடியானவனின் கண்ணீரை அச்சில் ஏற்றிய குற்றத்துக்கு ஒரு பாதிரியாரை உள்ளே வைத்தது எது? அண்ணன் கொண்டாடுகிற அதே சட்டம்!

1872 டிசம்பரில் கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் தொடங்கியது. அதுவரை செல்வந்தர் வீட்டு முற்றத்தில் அழைப்பின் பேரில் நடந்த நாடகத்தை, டிக்கெட் வாங்கிய எவரும் வந்து பார்க்கலாம் என்றார்கள். முதல் நாடகமே நீல் தர்ப்பண். துரை வேடம் போட்டவர் அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி. இனி நான் சொல்லப்போவது வங்க நாடக உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழும் கதை.

ஒரு நாள் நாடகம் பார்க்க வித்யாசாகர் வந்திருக்கிறார். சமஸ்கிருதக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். எளிய வேட்டி, மேலே ஒரு போர்வை, காலில் செருப்பு. மேடையில் துரை குடியானவர்களை மிரட்டுகிறான். பெரியவர் நெளிகிறார். துரை கையை ஓங்குகிறான். பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது. துரை இன்னும் ஒரு படி மேலே போகிறான். பெரியவர் எழுந்துவிட்டார்! குனிந்தார், செருப்பைக் கழற்றினார், துரையைக் குறிபார்த்து வீசினார்!

அவை அப்படியே உறைந்துபோனது. நடிகர் என்ன செய்தார் தெரியுமா? வந்து விழுந்த செருப்பை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டார். "என் நடிப்புக்கு இதைவிடப் பெரிய பரிசு எது?" என்றாராம்.

பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். வீசியவர் யார்? பாமரர் அல்லர், சாத்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். அரசுக்கு மனு எழுதி எழுதிக் கை தேய்ந்தவர். கோபம் வந்தபோது அவருக்குச் சட்டப்பிரிவு நினைவுக்கு வந்ததா? மனு எழுதக் காகிதம் கேட்டாரா? எதிரில் நிற்பது வேடம் என்பதே அவருக்கு மறந்துபோனது. தோட்டத்தில் அடிபட்டவனுக்காக, அவன் முகத்தையே பார்த்திராத ஒருவர் கொதித்து எழுந்தார் ஐயா! அந்தக் கொதிப்பை மூட்ட எந்த அரசிதழால் முடியும்?

முடியாது என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது அவரைத் தன் வீட்டு அந்தப்புரம் வரை அழைத்துச் சென்று உபசரித்த ஒரு வழக்கறிஞரைக் கேலி செய்து நாடகம் போட்டார்கள். உடனே பாய்ந்தது 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். தடையை மீறி நடித்தால் மூன்று மாதம் வரை சிறை. கலைக்கு வலிமை இல்லை என்றால், அரிதாரம் பூசியவனைப் பிடிக்கத் தனியாக ஒரு சட்டம் எதற்கு அண்ணே? எதிரிக்குத் தெரிந்தது எதிரணிக்குத் தெரியவில்லை!

விடுதலைக்குப் பிறகும் அந்த அச்சம் தீரவில்லை. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் பரபரப்பைக் கிளப்பிய 1954இல் நம் மாநிலமே நாடகங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. "அதுவும் சட்டம் செய்த வேலைதானே" என்று அண்ணன் எழுவார். வழக்குப் போட்டவர் 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி, அண்ணே. சட்டத்தைத் திருத்தவும் ஒரு நாடகக்காரர்தான் படியேற வேண்டியிருந்தது.

இனி அந்தப் பழமொழி. இது என்னைச் சுட்டுவிட்டது, விடமாட்டேன்.

கூலிக்காரன் ஏன் மேற்கே பார்க்கிறான்? பொழுது சாய்ந்தால் கூலி கிடைக்கும். கூத்தாடி ஏன் கிழக்கே பார்க்கிறான்? இரவெல்லாம் ஆடியவனுக்குப் பொழுது விடிந்தால்தான் கூலி. இருவரும் பார்ப்பது ஒரே சூரியனைத்தானே! தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசைப் பக்கம் போய்ப் பாருங்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், துரியோதனன் வீழும் படுகளம் ஆடுகிறவர்களைப் பாருங்கள். பகலில் வயலில் நிற்கிற அதே மனிதர் இரவில் கட்டை கட்டிக் கிரீடம் வைத்துத் துரியோதனனாக வருகிறார். மேற்கே பார்த்தவரும் கிழக்கே பார்த்தவரும் ஒரே ஆள், ஒரே இடுப்பு வலி. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவையே கேள்வி கேட்கிறான், நடுவில் உள்ளூர் ரேஷன் கடையையும் இழுக்கிறான், ஊரே சிரிக்கிறது. ஊர்ப் பெரியவர்களுக்கு எதிரே அந்தக் கேள்வியைக் கேட்க அந்தக் கூலிக்காரருக்கு அந்த ஒரு இரவுதான் இருக்கிறது. அவரையா தொடர்பில்லாதவர் என்கிறீர்கள்?

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, இரண்டே நிமிடம்.

விஸ்வநாத தாஸ் என்று ஒருவர். சிவகாசியில் பிறந்தவர், முடிதிருத்தும் குலத்தில் வந்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அவர் போட்ட வேடம் முருகன். முருகன் மேடைக்கு வந்தால் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிற சனம் நம் சனம். அவர்கள் யாரைக் கும்பிட்டார்கள்? பிறப்பைச் சொல்லி ஒதுக்கிய அதே மனிதரை! தீண்டாமை ஒழிந்தது என்று சொன்ன அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த மேடை அவரைக் கருவறையில் ஏற்றியிருந்தது.

வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் கட்டம் வரும். அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. எந்த வெள்ளை, எந்தக் கொக்கு என்று கேட்பவனுக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். வாரண்டோடு வந்த போலீசிடம், "இங்கே நிற்பது முருகன். உங்கள் வாரண்ட் முருகன் பெயரிலா இருக்கிறது?" என்று கேட்டாராம். திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். கடன் ஏறியது, உடல் தேய்ந்தது, பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார். பாடும்போதே உயிர் பிரிந்தது. அந்தக் கோலத்தோடேயே அவரை ஊர்வலமாகக் கொண்டு போனார்கள் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். என் தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். விடுதலையைப் பார்க்காமலேயே போய்விட்டாரே அந்த மனிதர்!

இதே பந்தலில் நாளை இரவு வள்ளி திருமணம். நடிக்க வருகிறவர்கள் பஸ் ஏறி எங்கிருந்தோ வருகிறார்கள். பத்து மணிக்கே எழுந்து போய்விடாதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், முன்வரிசையில் உட்காருங்கள், விடியும் வரை இருங்கள். வழக்கறிஞர் அண்ணே, நீங்களும் வர வேண்டும். நன்றி, வணக்கம்.