பாதி தெரிந்தால் போதும்

(சென்னையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சிறுகதைக்குக் கரு எங்கே கிடைக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்ததும் என் மனைவி, "எங்க அண்ணன் வீட்லேர்ந்துன்னு மட்டும் சொல்லி வெச்சுடாதீங்க" என்றாள். சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாழ்க்கையிலேயே ஒரு பெரிய கதை இருக்கு சார், எழுதுங்க" என்பார். உண்மையாகவே இருக்கும். தம்பி சொத்தில் ஏமாற்றியது, கோர்ட்டுக்குப் போனது, கடைசிக் காலத்தில் அந்தத் தம்பி மகளே வந்து பார்த்துக்கொண்டது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன். ஆனால் எழுத வராது. யார் நல்லவர், யார் கெட்டவர், யார் எதற்காக எதைச் செய்தார் என்பதையெல்லாம் அவரே தீர்மானித்துவிட்டார். அதில் எனக்கு வேலை இல்லை.

அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒரு விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, வீட்டுச் சாமான்களுக்காக ஒரு தாயும் மகனும் சண்டை போடுவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார். ஜேம்ஸுக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. அந்த அம்மா விடாமல் மேலும் விவரம் சொல்லச் சொல்ல, இவருக்கு ஏன் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. ஒரு நாவல் அந்த ஒரு வரியிலிருந்து வந்ததுதான், விவரத்திலிருந்து இல்லை.

அதனால்தான் நான் செல்போனைத் திட்டுவதில்லை. முன்பெல்லாம் பீச் - தாம்பரம் ரயிலில் இரண்டு பேர் பேசினால் இரண்டு பக்கமும் காதில் விழும். இப்போது ஒரு பக்கம்தான். "அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க, சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று ஒரு பெண் போனில் சொல்லிவிட்டுச் சைதாப்பேட்டையில் இறங்கிப் போய்விடுகிறாள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் யார், அவரிடம் சொல்லக் கூடாத விஷயம் என்ன? தாம்பரம் வரை எனக்கு வேலை இருக்கிறது.

சரி, ஒரு கதை வந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேப்பரில் வரும் பொது அறிவிப்புகளை நான் விடாமல் படிப்பேன். வீட்டின் மூலப் பத்திரம் தொலைந்துபோனால் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும், பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், தேடியும் கிடைக்கவில்லை என்று ஸ்டேஷனில் சான்று வாங்க வேண்டும். அப்புறம்தான் வீட்டை விற்கிற பேச்சு. அந்த விளம்பரங்களைக் கொஞ்ச நாள் படித்துப் பாருங்கள். பெரம்பூரோ பல்லாவரமோ அம்பத்தூரோ, பத்திரம் தொலைவது பெரும்பாலும் ஜெராக்ஸ் எடுக்கப் போகிற வழியில்தான். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் இத்தனை வருஷம் இருந்தது, ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிய அன்றைக்குக் காணாமல் போகிறது! உண்மையில் எங்கே போனது என்பதை எந்த வீட்டிலும் விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

இது என்னிடம் ரொம்ப நாள் சும்மா கிடந்தது. நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கதை இல்லை.

அப்புறம் ஒரு முறை சாட்சிக் கையெழுத்துப் போட ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். கைரேகை வைத்தவர்கள் விரல் மையைத் தேய்த்துத் தேய்த்து, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீலப் பட்டையே விழுந்திருந்தது. வயதான ஓர் அம்மா மட்டும் தேய்க்கவில்லை. "துடைச்சிக்கம்மா" என்று மகன் இரண்டு தடவை சொன்னான். அந்த அம்மா கட்டைவிரலைத் தனியாக நீட்டிப் பிடித்தபடியே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "சுவரு அழுக்கா இருக்குப்பா" என்றிருப்பார். என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அன்று ராத்திரிதான் இரண்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பத்திரத்தைத் 'தொலைத்தது' இந்த அம்மாவே என்றால்? பிள்ளைகள் வீட்டை விற்றுவிடுவார்கள் என்று பயந்து எங்கேயோ ஒளித்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து தானும் தேடுகிறார். மறுநாளே எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கத்தில், நான் கூப்பிடாமலே மருமகள் வந்தாள். அரிசி டிரம்மில் ஆழாக்கை விடுகிறாள், பிளாஸ்டிக் கவர் தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்க்கிறாள். அரிசிக்குள்ளேயே திரும்பத் தள்ளி, மூடியைப் போட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து மற்றவர்களோடு அவளும் தேடுகிறாள். ஏன் சொல்லவில்லை? அதைக் கண்டுபிடிக்கத்தான் மீதிக் கதையை எழுதினேன். கதை மாமியாரை விட்டு அவளிடம் போய்விட்டது. எல்லாவற்றையும் கிளப்பிவிட்ட அந்தக் கட்டைவிரல் கடைசிப் பிரதியில் இல்லவே இல்லை.

புதுமைப்பித்தனை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளை வீட்டில் தங்குகிறார் என்றால், "அடடா, என்ன கற்பனை!" என்போம். கடவுள் பூமிக்கு வருவது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற முனையில், பிள்ளை டிராமா பஸ்ஸா, எதில் போனால் எவ்வளவு மிஞ்சும் என்று காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார். 1953-லேயே சென்னையில் டிராம் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு நமக்கு இன்றைக்கும் புரிகிறது. அந்தக் காலணா இல்லாவிட்டால் கடவுளுக்கு அந்தக் கதையில் இடமே கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

கதை தேடி மெரினாவுக்குப் போகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். காற்று வாங்கலாம், கவிதைகூட வரலாம். கதைக்கு நான் சிபாரிசு செய்வது வரிசைகளை. 2019 கோடையில் ஏரியெல்லாம் வறண்டு, தண்ணீர் லாரிக்காகத் தெருத்தெருவாகக் குடங்கள் நின்றன, ஞாபகம் இருக்கிறதா? ஆள் வீட்டுக்குள் இருப்பார், அவருக்குப் பதில் குடம் நிற்கும். யாரோ ஒருவர் இன்னொருவர் குடத்தை ஓரடி பின்னால் நகர்த்தி வைப்பார். பார்த்தவர் பார்க்காத மாதிரி இருப்பார். நோட்டில் அதை மட்டும் எழுதுங்கள். 'தண்ணீர்ப் பஞ்சம், மனித மனம்' என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து அது உங்களுக்கே எதையும் சொல்லாது.

கடைசியாக ஒன்று. கேட்பதற்கு மட்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால்தான் கரு வரும். தீபாவளி மலருக்கு இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள் என்று போன் வந்தால், சும்மா கிடந்ததெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களை யாரும் கேட்கவில்லையா? நச்சரிக்கிற ஒருவரை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி ஒரு அச்சக நண்பர் இருந்தார். கதையைப் படிக்க மாட்டார். முடிந்துவிட்டதா என்று மட்டும் வாராவாரம் கேட்பார்.