காது மிஷின் போட்டாச்சு, சரி... அப்பா எங்கே?

வணக்கம் மக்களே. இன்றைக்கு எஞ்சின் வீடியோ கிடையாது. மீன்பிடி போட்டு எஞ்சின் பார்க்கத்தான் இந்தச் சேனலுக்கு வருகிறீர்கள் என்று தெரியும், ஆனால் போன வீடியோவில் பாப்பா ஓடிவந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள் இல்லையா, அவள் தலையில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது என்ன அண்ணே என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். அது காக்ளியர் இம்ப்ளான்ட் என்கிற காது மிஷினின் வெளித்துண்டு, பாப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கேட்டவர்களில் ஏழெட்டுப் பேர், என் பிள்ளைக்கும் காது கேட்கவில்லை என்று இப்போதுதான் சொன்னார்கள், எங்கே போவது என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எஞ்சின் சேனல், பார்ப்பது எல்லாம் ஆம்பளைங்க, அதனால் கேட்டவர்கள் எல்லோருமே அப்பாக்கள். சரி, அப்பாக்களிடமே பேசிவிடலாம்.

இது தண்டையார்பேட்டை, எங்கள் வீட்டு மொட்டை மாடி, ராத்திரி பத்தரை. கீழே கண்டெய்னர் லாரி போய்க்கொண்டே இருக்கும். நடுநடுவே நிறுத்துவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒரு காகிதத்தின் கதை. பாப்பா பிறந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம். டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கொடுத்த ஃபைலில் ஒரு சின்னச் சீட்டு இருந்தது. பிறந்த குழந்தையின் காதில் மெத்தென்று ஒரு முனையை வைத்து, மெல்லிய சத்தம் அனுப்பி, உள்காதிலிருந்து எதிரொலி திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஓஏஇ என்று பெயர், சில நிமிஷ வேலை. அந்தச் சீட்டில் இரண்டு காதுக்கும் எதிரே 'ரெஃபர்' என்று போட்டிருந்தது. யாரும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பில் கட்டினோம், ஸ்வீட் வாங்கினோம், ஃபைலை பீரோவில் வைத்தோம். பாஸ் ஆகவில்லை, திரும்பக் கூட்டிவந்து பாருங்கள் என்பதுதான் 'ரெஃபர்' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தபோது பாப்பாவுக்கு ஒரு வயசு எட்டு மாசம். ஒரு மாசத்துக்குள் இந்தச் சோதனை, மூன்று மாசத்துக்குள் என்ன குறை என்ற முடிவு, ஆறு மாசத்துக்குள் மிஷினும் பயிற்சியும் ஆரம்பம், இதுதான் உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாங்கள் பீரோவில் வைத்துப் பூட்டியது அந்த மாசங்களை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் அந்த ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஐசியூவில் இருந்த குழந்தை என்றால் ஓஏஇ பாஸ் ஆகியிருந்தாலும் பேரா டெஸ்டையும் கேளுங்கள், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பார்க்கிற டெஸ்ட் அது. ஏனென்றால் உள்காது நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஇ அதைக் காட்டாது.

சந்தேகம் வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தது. எங்கள் ஆயா தட்டைத் தட்டிப் பார்த்தது, பாப்பா திரும்பினாள். லாரி போனால் திரும்பினாள், கதவை அறைந்தால் திரும்பினாள். அப்புறம் என்ன, காது நல்லாத்தான் இருக்கு, சில பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று முடித்துவிட்டார்கள். அவள் திரும்பியது சத்தத்துக்கு இல்லை. தரை அதிர்ந்தது, சுவரில் நிழல் ஆடியது, அதற்குத் திரும்பியிருக்கிறாள். எஞ்சின் மேல் கையை வைத்தே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்கிறவன் நான், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பேரா டெஸ்ட் நடந்தது மே மாசம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், கடலுக்குப் போகிறவர்களுக்கு அப்போது வேலை இல்லை, ஆனால் காசிமேட்டில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, எல்லாப் போட்டும் கரையில் ஏறி நிற்கும், எல்லா எஞ்சினையும் பிரித்துப் போட்டிருப்போம். அதனால் நான் போகவில்லை. குழந்தை தூங்கினால்தான் அந்த டெஸ்ட் எடுக்க முடியும், காலையிலிருந்து தூங்கவிடாமல் கூட்டிவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பாப்பாவின் அம்மா ஆட்டோவில் அவளைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே தனியாகப் போனாள். அங்கே மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் எலக்ட்ரோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் 90 டெசிபெலுக்கு மேலே என்று சொன்னார்கள். அதைவிடக் குறைந்த சத்தம் பாப்பாவுக்குக் கேட்காது என்று அர்த்தம், நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 பக்கத்தில். அதை அவள் போனில் சொல்லும்போது என் கையில் நாஸில் இருந்தது. சரி, வந்து பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன்.

(இருங்கள்... லாரி.)

சரி, போய்விட்டது. இப்போது கவனித்தீர்களா, நான் பேசுவது பாதி உங்களுக்கு விழுந்திருக்காது. மிஷின் போட்ட பிள்ளைக்கு வீடு முழுக்க இப்படித்தான். நம் மூளை ஃபேன் சத்தத்தையும் குக்கர் விசிலையும் ஒதுக்கிவிட்டு அம்மா குரலைப் பிடித்துக்கொள்ளும், மிஷினுக்கு அந்த சாமர்த்தியம் கொஞ்சம்தான். டிவியை அணைக்க வேண்டும், பக்கத்தில் போக வேண்டும். ஒரு மீட்டரில் இருக்கிறவர் இரண்டு மீட்டர் தூரத்துக்குப் போனாலே 6 டெசிபெல் போய்விடும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டுவிட்டு, மிஷின் போட்டும் திரும்பமாட்டேங்கிறா என்று சொல்லக் கூடாது. நான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது பழி. இது எல்லா வீட்டிலும் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது, கிரகணத்தில் வெளியே போனாள், மாசமாக இருக்கும்போது அதைச் சாப்பிட்டாள் என்று எல்லாம் பாப்பாவின் அம்மா தலையில்தான் விழுந்தது. நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள், அவள் என் அத்தை மகள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னார். ஒரு மரபணுவின் பழுதான பிரதி ஒன்று அப்பாவிடம், ஒரு பிரதி அம்மாவிடம் இருக்கலாம், இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும், பிள்ளைக்கு இரண்டு பழுதும் சேர்ந்து போனால் கேட்காது, ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கிற சாத்தியம் கூடுகிறது. கணக்குப் பார்த்தால் பாதி என்னுடையது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் அந்த வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள், அவள் சொன்னால் எடுபடாது.

அன்றைக்கு எனக்கும் காது சோதனை செய்தார்கள். 4000 ஹெர்ட்ஸில், அதாவது கீச்சென்ற சத்தத்தில், கேட்கும் திறன் குறைந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, எஞ்சின் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. இப்போது காதில் பஞ்சு மாதிரி அடைப்பான் போட்டுக்கொண்டுதான் டெஸ்ட் ரன் எடுக்கிறேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். நேராக ஆபரேஷன் செய்துவிட மாட்டார்கள், சில மாசம் காது மிஷின் போட்டு, பயிற்சி கொடுத்து, அது போதுமா என்று பார்ப்பார்கள். அந்த மிஷின் விசில் அடித்தால் பெரும்பாலும் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை, காதுக்குள் போகும் அந்த மோல்டு சின்னதாகிவிட்டது, பிள்ளை வளர்கிறாள், புதுசாக அளவெடுக்க வேண்டும். பேட்டரி ஸ்டிக்கரைப் பிய்த்ததும் உடனே மாட்டக் கூடாது, காற்று பட்டுத்தான் அது உயிர்பெறும், கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். பழைய பேட்டரியைப் பிள்ளை கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள், விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நம் பக்கம் கடல் காற்று, வியர்வை, உப்பு, இதெல்லாம் எஞ்சினையே தின்றுவிடும், மிஷினை விடுமா? மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு ராத்திரி உள்ளே வைத்துவிடுங்கள்.

அது போதவில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதுக்குள் எலக்ட்ரோடு வைத்து, சத்தத்தை நேராக நரம்புக்கு அனுப்புவது. நம் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் கொடுக்கிற மத்திய அரசின் அடிப் திட்டமும் இருக்கிறது. ஆறு வயசு வரை டைம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அது திட்டத்தின் கெடு, மூளையின் கெடு அதற்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடிக்கும் சேர்த்து விசாரித்துவிடுங்கள். தெற்கே போக முடிகிறவர்களுக்கு முட்டுக்காட்டில் நிப்மெட் (NIEPMD) இருக்கிறது, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம். அடையாறு பக்கம் பால வித்யாலயா 1969-லிருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுக்காகவே நடக்கிறது. தூரம்தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. தெரப்பி, அதாவது கேட்கவும் பேசவும் பயிற்சி, நடக்கும் இடத்தில் காத்திருக்கும் பெஞ்சைப் பாருங்கள். எல்லாம் அம்மாக்கள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் டிபன் பை, இரண்டு பஸ் மாறி வந்திருப்பார்கள். முதல் ஐந்து மாசம் நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. காசு நான் பார்த்துக்கொள்கிறேன், அதை நீ பார்த்துக்கொள் என்று பிரித்துக்கொண்டோம், அது நியாயமான பாகம் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் பாப்பாவின் அம்மாவுக்கு ஜுரம், வேறு வழியில்லாமல் நான் கூட்டிப்போனேன். வெளியே உட்காரப் போனவனை அந்த டீச்சர் உள்ளே கூப்பிட்டுத் தரையில் உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் பாப்பாவுக்கு அவர் எதையும் கற்றுக்கொடுத்த மாதிரியே தெரியவில்லை, எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார். வாரத்தில் என்னிடம் இருப்பது இந்த முக்கால் மணி, மீதி எல்லாம் உங்கள் வீட்டில் என்று சொன்னார்.

நான் பாப்பாவிடம் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அப்பா சொல்லு, அப்பா சொல்லு, அப்பா சொல்லு. இருபது தடவை. பரீட்சை வைக்காதீர்கள், நீங்கள் பேசுங்கள் என்றார். செய்கிற வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், பிள்ளை பார்ப்பதைப் பற்றிச் சொல்லுங்கள். பொம்மை மாட்டைக் காட்டுவதற்கு முன்னால் ம்ம்மா என்ற சத்தத்தை முதலில் கொடுங்கள், காது முந்த வேண்டும், கண் அப்புறம். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. போட்டுக்கு என்ன சத்தம் என்று அவர் கேட்டார், நான் யோசிக்காமல் டுக்கு டுக்கு டுக்கு என்றேன், மெதுவாக ஸ்டார்ட் ஆகி வேகம் பிடிக்கிற மாதிரி. இதை தினமும் செய்யுங்கள் என்றார். இதைவிட எனக்குத் தெரிந்த வேலை உலகத்தில் எது?

ரெண்டரை வயசில் ஒரு காதில் ஆபரேஷன், இன்னொரு காதில் பழைய மிஷினே. ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம் கழித்து ஸ்விட்ச் ஆன், அதாவது மிஷினை முதல் தடவை ஓடவிடுவது. போனில் வரும் வீடியோக்களில் பிள்ளைகள் அம்மா குரலைக் கேட்டதும் சிரிக்குமே, அதற்காக மொபைலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாப்பா வீறிட்டு அழுது தலையில் வட்டமாக ஒட்டியிருக்கும் அந்தக் காயிலைப் பிடுங்கி எறிந்தாள். நிறைய பிள்ளைகள் அப்படித்தான் செய்யும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் அவளுக்குக் காது பிறந்தது, அதற்கு வயசு பூஜ்யம். ரெண்டரை வயசுப் பிள்ளை ஏன் பேசவில்லை என்று கேட்கிறவர்களிடம், காதுக்கு இப்போது மூன்று மாசம் என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

காலையில் மாட்டியதும் ஒரு சோதனை உண்டு, லிங் என்கிறவர் வகுத்த ஆறு சத்தம். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பின்னால் உட்கார்ந்து, உதட்டைப் பார்க்கவிடாமல், ஒவ்வொன்றாக, ஒரே இடைவெளியில் சொல்லாமல் மாற்றி மாற்றி. கேட்டால் அவள் ஒரு நட்டை டப்பாவில் போடுவாள் (பெரிய நட்டு, சின்னது வேண்டாம்). ம் அடிச்சத்தம், ஸ் உச்சி. நேற்றுவரை ஸ்-க்குப் போட்டவள் இன்றைக்குப் போடவில்லை என்றால் எங்கேயோ கோளாறு, வயரைப் பார், பேட்டரியைப் பார், இல்லையென்றால் காது சோதித்து மிஷின் சரிபார்க்கிற ஆடியாலஜிஸ்டிடம் போ. காலையில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுக் காது கொடுப்போமே, அதேதான். இந்த வேலை எங்கள் வீட்டில் என்னுடையது, யாரும் தொடமாட்டார்கள்.

சைகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கை காட்டினால் பேச்சு வராது என்று எங்கள் வீட்டிலும் சண்டை நடந்தது. நான் சொல்கிறேன், பிள்ளைக்கு ஏதோ ஒரு மொழி சீக்கிரம் வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இம்ப்ளான்ட் ஒரே மாதிரி பிடிக்காது, குளிக்கும்போதும் தூங்கும்போதும் இவளுக்கு ஒன்றும் கேட்காது. இந்திய சைகை மொழிக்கு அரசாங்கமே அகராதி போட்டிருக்கிறது, 2021-ல் அது 10,000 சொல் ஆனது, வீடியோவாகவே பார்க்கலாம். எங்கள் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற அண்ணன் ஒருவர் பிறவியிலேயே காது கேட்காதவர், பள்ளிக்கூடம் போகாதவர், எல்லோரும் அவரை 'ஊமை' என்றே கூப்பிடுவார்கள், நானும் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது பெயர் சொல்கிறேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு திரும்பிப் பார்க்கிறார்.

பாப்பாவின் முதல் வார்த்தை அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. ஸ்விட்ச் ஆன் ஆகி நாலாவது மாசம், காசிமேட்டில் என் தோளில் உட்கார்ந்திருந்தாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், பின்னால் ஒரு லாஞ்சு ஸ்டார்ட் ஆனது. திரும்பினாள். தூக்கு என்றுதான் எனக்கு முதலில் கேட்டது, தூக்கித்தானே வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். டுக்கு. அந்த எஞ்சினில் இன்ஜெக்டர் சரியில்லை, புகை வேறு, அதையெல்லாம் நான் அன்றைக்குச் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் ஸ்கூல் அட்மிஷன் பற்றிப் பேசுகிறேன், அது பெரிய கதை. அதோ, மாடிப்படியில் நிற்கிறாள், தூக்கம் கலைந்து வந்துவிட்டாள். மிஷின் கீழே டப்பாவில் இருக்கிறது, இங்கிருந்து கத்தினால் ஒன்றும் கேட்காது. பக்கத்தில் போய்த்தான் சொல்ல வேண்டும். நிறுத்துகிறேன்.